வீடு மாறிவிட்டார்

மார்ச் 2
இன்று நூற்றுப் பதினெட்டுக் கடிதம். "அன்புள்ள சகோதரி, கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு வாருங்கள்." ஒன்பது வருஷமாக இந்தச் சுகாதார மையத்தில் நான்தான் அடித்து, மடித்து, ஒட்டி அனுப்புகிறேன். வராதவர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவதும் நான்தான். "பத்து நிமிஷ வேலைம்மா, வலிக்கவே வலிக்காது." எனக்கு எப்படித் தெரியும்? நான் போனதே இல்லை.

என் பெயருக்கான கடிதத்தை வழக்கம்போலக் கிழித்துப் போட்டேன். பட்டியலில் "வீடு மாறிவிட்டார்" என்று எழுதினேன். ஒரே வீட்டிலிருந்துகொண்டே இது ஒன்பதாவது தடவை.

மார்ச் 5
புதுத் துண்டுப் பிரசுரம். யாருக்கு ஆபத்து அதிகம்? HPV கிருமி உடம்பிலேயே தங்கிவிட்டவர்கள். புகைப்பவர்கள். சின்ன வயதில் பெற்றவர்கள், நிறையப் பெற்றவர்கள். சோதனைக்கு வராதவர்கள்.

பத்தொன்பதில் முதல் பிள்ளை, மொத்தம் நாலு, ஆபீஸ் பின்படியில் தினம் இரண்டு சிகரெட். என் போட்டோவையே போட்டுவிடலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே" என்றார். பைக்கை சர்வீஸுக்கு விடக் கிளம்பிக்கொண்டிருந்தார். அது கல்லு மாதிரி இல்லை போல.

மார்ச் 10
மேலிடத்து உத்தரவு: வீடு மாறியவர்களை நேரில் போய் விசாரிக்க வேண்டுமாம். தலைமை நர்சும் நானும். மூன்று பக்கப் பட்டியல். கடைசிப் பக்கத்தை அவரே வைத்துக்கொண்டார். "அதை நான் பாத்துக்கறேன்."

முதல் விலாசம் என் வீடு!

தலை சுற்றுகிறது என்றேன், வயிற்றுவலி என்றேன். அதற்குள் காலிங்பெல்லை அழுத்திவிட்டார். மாமியார் திறந்தார். "என்னடி இந்த நேரத்துல? சாவியை மறந்துட்டியா?"

நர்ஸ் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவங்க வீடு மாறிட்டாங்களாமே?"

"மாறியிருந்தா நான் நிம்மதியா இருப்பேனே!"

என் மானம் கப்பலேறியது.

மார்ச் 11
நர்ஸ் என் கையைப் பிடித்துச் சோதனை அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிஷம். லேசாக உறுத்தியது. இதுக்கா இவ்வளவு நாள்? என்னைத் தடுத்தது பயம்கூட இல்லை, வெட்கம்.

மார்ச் 27
முடிவு சரியில்லையாம். மறுபடி கூப்பிட்டு, கருவி வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்தார்கள்.

ஏப்ரல் 9
புத்துநோய் இல்ல. ஆனா செல் மாற ஆரம்பிச்சிருக்கு, விட்டா ஒருநாள் அதுவாவே ஆயிடும்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்கப்புறம் எதுவும் காதுல ஏறல. கடைசிப் பிள்ளைக்கு எட்டு வயசு. ஐயோ — ஒன்பது தடவை. என் கையாலயே கிழிச்சேனே.

ஏப்ரல் 21
கெட்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். இன்றே வீடும் வந்தாயிற்று. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாராம். அடுத்த பைக் சர்வீஸைத் தள்ளிப் போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 24
சிகரெட் இல்லாமல் இரண்டு வாரம். எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.

மே 6
நர்ஸ் லீவு. ஒரு ஃபைல் தேடி அவர் மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே அந்தக் கடைசிப் பக்கம். ஒரே ஒரு பெயர், அவருடையது. எதிரே அவர் கையெழுத்திலேயே "வீடு மாறிவிட்டார்."

மத்தியானம் போய் அவர் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தினேன். அவரே திறந்தார். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"செருப்பை மாட்டுங்க மேடம்" என்றேன். "லேசா உறுத்தும். நான் கூட இருக்கேன்."