ஆறாம் நம்பர் பிரஸ், நாலு நிமிடம்

ஆகஸ்ட் 6, 2025, புதன்

ஆடி மாசம். கல்யாணம் இல்லை, ஸ்டுடியோவில் ஈ ஓட்டுகிறோம். அதனால் மதன்குமார் அண்ணன் முகம் சுளிக்கவில்லை. "உன்ற தம்பி கேஸு அம்மணி, எத்தன நேரம் வேணும்னாலும் சிஸ்டத்த எடுத்துக்க" என்றார். ஓனர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வக்கீல் நஃபீசா அக்கா கொடுத்த பென் டிரைவ் மேசையில் கிடக்கிறது. கம்பெனி லேபர் ஆபீசில் கொடுத்த சிசிடிவி. மார்ச்சில் மதுக்கரைப் பக்கம் அந்தத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ரூபனுக்கு வலது கையில் நாலு விரல் போனதே, அது இதில் இருக்கிறது. ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ரூபன் ஒரு பட்டனில் குச்சியைச் சொருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினான், தப்பு அவனுடையது, நஷ்டஈடு கிடையாது என்கிறது கம்பெனி. அவன் சொல்வது வேறு: "ரெண்டு கையாலதாங்க்கா அழுத்தினேன். பீஸ எடுக்கக் கைய உட்டேன், அதுவா மறுக்கா எறங்கிருச்சு."

என் தம்பி பொய் சொல்ல மாட்டான்.

பதினெட்டாம் தேதி லேபர் ஆணையர் முன்னால் விசாரணை. தெளிவாக, மெதுவாக ஓட்டிக் காட்டும்படி செய்து தரணுமாம். படத்தில் எதையும் மாற்றவில்லை என்று நானே கையெழுத்தும் போடணும்.

ஃபைல் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எடிட்டிங் சாஃப்ட்வேர் 'இந்த வகை ஃபைல் ஆகாது' என்கிறது. பேருக்குப் பின்னால் எம்பி4 என்று மாற்றிப் பார்த்தேன். உள்ளே வந்தது. வந்து முழுத் திரையும் பச்சை. மாட்டுத்தொட்டிப் பாசி மாதிரி ஒரே பச்சை. கேமரா கம்பெனிக்காரனுடைய பிளேயரில் ஓடுகிறது, ஆனால் வெளியே எடுக்க விடமாட்டேன் என்கிறது சனியன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து கழுத்து வலி மட்டும்தான் மிச்சம்.

ஆகஸ்ட் 9, சனி

வந்துருச்சு! கன்வெர்ட்டரில் எங்கள் ஸ்டுடியோ செட்டிங்கைப் போட்டேன். கல்யாணத்துக்கு டிரோன், மாப்பிள்ளை வீட்டு செல்போன், வாடகை கேமரா எல்லாம் ஒவ்வொரு தினுசில் வரும். எதுவாக இருந்தாலும் ஒரே செட்டிங்கில் போட்டு வழவழவென்று ஆக்கித்தான் உள்ளே எடுப்போம். இதற்கும் அதையே போட்டேன், ஓடுகிறது.

மொத்தம் நாலு நிமிடம். 10:52:17. மெதுவாக ஓட்டினேன். பிரஸ் இறங்கும்போது ரூபனுடைய வலது கை பட்டன் மேலதான் இருக்கு. இருக்கு! அப்புறம் கை உள்ளே போகிறது, அப்புறம்... அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. டாய்லெட்டில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நஃபீசா அக்கா இன்றைக்கே தாக்கல் செய்துவிட்டார். எதிர்த் தரப்புக்கும் ஒரு காப்பி போயிற்று. ரூபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐயோ.

சும்மா இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஓட்டினேன். மூலையில் நேரம் ஓடுமே, அதில் கடைசி எண் ஏழா எட்டா என்று தெரியவில்லை. பெரிதாக்கினேன். ஏழு மேலே எட்டு, எட்டு மேலே ஏழு. ரெண்டும் கலந்த ஒரு எண்ணை எந்தக் கடிகாரம் காட்டும்?

அந்த கேமரா நொடிக்கு ஆறே ஆறு படம்தான் எடுக்கும். எங்கள் செட்டிங் அதை இருபத்தைந்தாக ஆக்கும். இல்லாத படங்களை, முன்னாலும் பின்னாலும் இருப்பதைப் பார்த்து அதுவே வரைந்துகொள்ளும். தாலி கட்டுவதை ஸ்லோ மோஷனில் காட்ட நல்ல வித்தை. அதை இங்கே போட்டிருக்கிறேன். பட்டன் மேல் இருக்கும் கை தம்பி கையே இல்லை. சாஃப்ட்வேர் வரைந்த கை.

பத்து வருசமா எடிட்டிங் பண்றேன். இது தெரியாம கையெழுத்து போட்டிருக்கேன். என்ன ஜென்மம் நான்?

ஆகஸ்ட் 13, புதன்

அந்த வழவழப்பு செட்டிங்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு படத்தில் இடது கை பட்டனில், வலது கை உள்ளே. அடுத்த படத்தில் பிரஸ் கீழே. நடுவில் ஒன்றுமே இல்லை, ஒற்றைக் கையால்தான் இறக்கியிருக்கிறான்.

வேலை முடிந்ததும் நேரே ரூபன் வீட்டுக்குப் போனேன். "குச்சி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சுக்கா."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைக்கவில்லை, அந்தக் கையைப் பார்த்துவிட்டேன்.

"நான் வெக்கலக்கா. சூப்பர்வைசர் அப்புசாமிதான் ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்ப எல்லா மெஷின்லயும் சொருகிட்டுப் போவாரு. பீஸு வேகமா உழுகோணுமாம். இதச் சொன்னா எவன் நம்புவான்? பக்கத்து மெஷின் வேலனே நானா வெச்சேன்னு சொல்லப் போறான்." அப்புறம், "நீ குடுத்த வீடியோ இருக்கட்டுங்க்கா. எவனுக்குத் தெரியப் போகுது?"

எனக்குத் தெரியுமேடா.

அதைச் சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டான். "என் கையப் பத்தி உனக்கென்ன, உன் கையெழுத்துதான் உனக்குப் பெருசு" என்று வாசலில் நின்று கத்தினான். அக்கம்பக்கம் எல்லாம் பார்த்தது. அவன் சொன்னது நிஜமா? வீடு வரும் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நஃபீசா அக்காவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். குச்சி உட்பட.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கண்ணு எங்கம்மா இருந்துச்சு?" திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான். கொஞ்சம் ஆறின பிறகு சொன்னார்: "அவங்களா கண்டுபிடிச்சா கேஸும் போச்சு, உன் பேரும் போச்சு. நாமே வாபஸ் வாங்கிடுவோம். கை வெக்காத காப்பி ஒண்ணு எடுத்துட்டு வா. தோத்தாலும் அதோட தோப்போம்."

ஆகஸ்ட் 16, சனி

இந்தத் தடவை படத்தைத் தொடவில்லை. உள்ளே இருப்பதை அப்படியே விட்டு, ஃபைல் வகை என்ற மேல் உறையை மட்டும் மாற்றினேன். அதே நாலு நிமிடம்தான் வந்தது.

அப்போதுதான் ஃபைல் அளவைப் பார்த்தேன். மூணு ஜிபி. நாலு நிமிட சிசிடிவிக்கு மூணு ஜிபியா? மூணு மணி நேரத்துக்கு ஆகிற கணக்கு. பத்து நாளாக இதே ஃபைலைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், ஒரு தடவை கூடத் தோன்றவில்லை!

மதன்குமார் அண்ணன்தான் கேட்டார், "நடுவுல கரண்டு போயிருக்குமோ அம்மணி?" போயிருக்கிறது. 10:48-க்கு. கரண்டு வந்ததும் ரெக்கார்டர் தன் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறது. எல்லா பிளேயரும் அதற்குப் பிறகு வந்த நாலு நிமிடத்தை மட்டும் காட்டிவிட்டு, முன்னால் இருப்பதை விட்டுவிட்டன. கம்பெனிக்கே தெரியாமல் ஷிஃப்ட் ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டாகப் பிரித்துத் திறந்தேன்.

காலை 8:03. அப்புசாமி சட்டைப் பையிலிருந்து என்னவோ எடுத்து, ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து குனிந்து வருகிறார். ஒன்று, ரெண்டு, மூணு. நாலாவதில் பேசிக்கொண்டே. ஐந்தாவதில் வேலன் கையை நீட்டி வாங்கித் தானே சொருகுகிறான். ஆறாவது, ரூபனுடைய பிரஸ். அதிலும் சொருகுகிறார். ரூபன் இன்னும் வரவே இல்லை. 8:06-க்குத்தான் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு உள்ளே வருகிறான்.

மூணு தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மூலையில் எண் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ரூபனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்திருந்தான். என் பக்கத்தில் உட்காரவில்லை, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான்.

முதலில் நான். முதல் வீடியோ தப்பு, கல்யாண செட்டிங்கைப் போட்டுவிட்டேன், அந்தக் கை நிஜமில்லை, வாபஸ் வாங்குகிறேன் என்றேன். கம்பெனி வக்கீல் சிரித்தார். ஆணையர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

அடுத்து புதுக் காப்பி. 8:03-ஐ ஓட்டிக் காட்டினேன். கம்பெனி சாட்சியாக வந்த வேலன் திரையில் தன்னையே பார்த்தான். ஆணையர் அவனைக் கேட்டார். "எல்லாத்துக்கும் அவருதானுங்க குடுப்பாரு. வேண்டாம்னா வேலைக்கு வராதம்பாருங்க" என்றான். இனி அவனுக்கு அங்கே வேலை இருக்குமா, தெரியவில்லை.

ஆணையர் ரூபனைப் பார்த்தார். "ரெண்டு கையாலயும் அழுத்தினேன்னு மனுவில சொல்லியிருக்கீங்களே?"

ரூபன் எழுந்து நின்றான். "பொய்யிங்க. குச்சி இருந்துச்சுங்க. நான் வெக்கல. எடுக்கவும் இல்ல. எடுத்தா நாளைக்கு வரவேண்டாம்பாங்க."

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆவணி முடிந்தது. நாலு கல்யாணம் முடித்துக் கொடுத்தாயிற்று. உத்தரவு வரவில்லை. போன் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

நவம்பர் 3, திங்கள்

நஃபீசா அக்கா உத்தரவின் நகலைக் கையில் கொடுத்தார். பதினொரு பக்கம். நஷ்டஈடு உண்டு. மனுவில் பொய் சொன்னதற்கு ரூபனையும், கவனமில்லாமல் கையெழுத்துப் போட்டதற்கு என்னையும் ஒரு பத்தியில் கண்டித்திருக்கிறது. சரிதான்.

ரூபன் அதையெல்லாம் கேட்கவில்லை. "எங்கிருக்குது, காட்டுக்கா" என்றான். ஒன்பதாம் பக்கம் காட்டினேன். 'பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்தது தொழிலாளி அல்ல.' வலது கையில் மிச்சம் இருக்கும் கட்டைவிரலை அந்த வரியின் தொடக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, சத்தமாக வாசித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.