பத்தாவது காரணம்

ரோக்காமேலா,
அக்டோபர் 19.

அன்பு மகள் மெலினாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், குளிருக்கு விறகு வந்து இறங்கிவிட்டது, இருமல் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை டெனிஸும் குழந்தை ரோசாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் காபி போடும்போதெல்லாம் உன் அம்மாவின் படத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிய மனுஷன் செவ்வாய்க்கிழமை எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே. போனில் எப்படி இருக்கிறீர்கள் என்று நீ கேட்டால், எனக்கென்ன குறை என்று என் வாய் முந்திக்கொள்கிறது. முப்பத்துமூன்று வருஷம் இந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பிரேக்கில் என்ன சத்தம் வந்தாலும் பின்னால் இருப்பவர்களிடம் ஒன்றுமில்லை என்றுதானே சொல்வோம். கடிதத்தில் அப்படிச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இணையப் பக்கத்தை நுன்சியா அச்செடுத்து, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தன் புகையிலைக் கடையில், கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். உன்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், வாய் அன்றைக்கு இருந்தது போலவேதான் இருக்கிறது. ரோக்காமேலாவுக்குப் போகப் பத்துக் காரணங்கள் என்று தலைப்பாம். ஒவ்வொன்றாகப் படித்து, நம் பேச்சில் மாற்றி எனக்குச் சொன்னாள். கடைசியில் என் படத்தைத் தட்டிக் காட்டி, "ஃபோஃபோ மாமா, கோட்டை, மேகம், பாலாடைக்கட்டி, அதுக்கப்புறம் நீங்கதான். நாளையிலேருந்து உங்களைப் பாக்க டிக்கெட் போட்டுரலாமா?" என்று கேட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் காரணம் அமைதியாம். அமைதிக்கு இங்கே பஞ்சமே இல்லை. நம் தெருவில் பதினான்கு வீட்டில் நாலு வீட்டுப் புகைபோக்கியில்தான் புகை வருகிறது. பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து மிச்சமிருக்கும் ஏழு பிள்ளைகளும் விடிந்ததும் பஸ் ஏறிக் கீழே போய்விடுகிறார்கள், பிறகு சாயங்காலம் வரை என் செருப்புச் சத்தம்தான் எனக்குத் துணை. இரண்டாவது காரணம் மூடுபனி. காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடக்க, நம் ஊர் மட்டும் தனியாக மிதக்குமாம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், ஊர் சுற்றிப் பார்க்க வந்த அந்த வெளிநாட்டுப் பெண். அந்த மாதிரி நாளில் பஸ் வராது, தபால் வராது, எதிர் பால்கனியில் ஆள் நிற்பதுகூடத் தெரியாது என்பதை எழுதவில்லை. எதிர் பால்கனியில் இப்போது ஆளே இல்லை, சாந்தினா போன மார்ச்சில் மகனோடு தூரினுக்குப் போய்விட்டாள், உனக்குச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. காய்கறி வாங்கக் கயிற்றில் கூடையை இறக்கும்போது இரண்டு பேரும் அங்கிருந்து இங்கே எதையாவது கத்திப் பேசுவோம், ஒரு நாளைக்கு அது போதுமானதாக இருந்தது. விடியற்காலையில் சுடச்சுடக் கிடைக்கும் ரிக்கொட்டா பாலாடைக்கட்டி ஐந்தாவது காரணம், அதில் எனக்குச் சண்டை இல்லை, அதற்காக மட்டுமே ஒருவர் மலை ஏறலாம். ஆனால் மாலையில் ஊரே சதுக்கத்தில் உலாவும் என்று போட்டிருப்பது பெரிய பொய். உலாவுவது நாலு கிழவர்களும் மருந்துக்கடைக்காரரின் நாயும்தான். கோட்டையின் கம்பி வேலி வரை போய்த் திரும்புவோம். முதலில் வீட்டுக்குக் கிளம்புகிறவனைப் பற்றி மற்ற மூன்று பேரும் பேசுவார்கள் என்பதால் ஒருவரும் கிளம்புவதில்லை, குளிரில் விறைத்துப்போய் நிற்கிறோம்.

இப்போது அந்தப் பத்தாவது காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும்போது உங்களுக்குக் கையசைத்து விடைகொடுக்க ஒரு முதியவர் பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பார் என்று எழுதி, கையைத் தூக்கியபடி நான் நிற்கும் படத்தைப் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீயும் அதைத்தான் சொன்னாய். "அப்பா, எவ்ளோ சந்தோஷமா இருக்கீங்க, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கிட்டு, பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கீங்க" என்றாய். அந்த மூச்சிலேயே, நீங்கள் நன்றாக இருப்பதைப் பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது, அதனால் வரும் கிறிஸ்துமஸுக்கு வேண்டாம், ரோசா இன்னும் கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷக் கோடையில் நிதானமாக வருகிறோம் என்றாய். நானும் சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் வைத்த சூப் தீய்ந்துபோனது.

மெலினா, அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். கையைப் பார். உள்ளங்கை கீழே கவிழ்ந்திருக்கிறது, நாலு விரலும் உள்பக்கமாக மடிந்திருக்கிறது. வெளிநாட்டுப் பெண்ணுக்கு அது விடைகொடுப்பதாகத் தெரிந்தால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உனக்கு எப்படி அப்படித் தெரிந்தது? தெருக்கோடியில் நீ விளையாடிக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டு நேரத்தில் உன் அம்மா வாசலில் நின்று உன்னை அப்படித்தானே கூப்பிடுவாள். நம் ஊரில் பேச்சு வராத பிள்ளைக்குக்கூட அந்தக் கைக்கு அர்த்தம் தெரியும். நான் யாரையும் வழியனுப்பவில்லை. வா என்று கூப்பிட்டேன். நீ அங்கே போய்ச் சேர்ந்த பதினான்கு வருஷத்தில் அது உனக்கு மறந்துபோனதை நினைத்தால் எனக்குக் கோபமாகக்கூட வரவில்லை, பயமாக இருந்தது.

யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்பாய். ஜூலை கடைசி அது. ஆகஸ்ட் திருநாளுக்கு வர முடியாது என்று நீ போனில் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் பதினொன்று நாற்பது பஸ்ஸுக்குப் போய் நின்றேன், அந்தப் புது டிரைவர் கடைசி வளைவில் எப்படிப் பிரேக் போடுகிறான் என்று பார்ப்பதற்கு என்று நுன்சியாவிடம் சொல்லிவைத்திருந்தேன். பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, அந்தத் தோளை மட்டும் இறக்கி நடந்தபடி ஒருத்தி இறங்கினாள். நீ அப்படித்தான் நடப்பாய். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள் பார் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன், பெயரைச் சொல்லியும் கூப்பிட்டேன். நாலடி தூரத்தில் வந்து அவள் ஏதோ பாஷையில் பேசிய பிறகுதான் நீ இல்லை என்று தெரிந்தது. அந்தப் பத்துக் காரணங்களை எழுதியவள் அவள்தான், தூக்கிய என் கையை அப்போதுதான் படமெடுத்திருக்கிறாள். பெற்ற பெண்ணுக்கும் முன்பின் தெரியாத பெண்ணுக்கும் நாலடியில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் என்னவென்று நீயே கேட்பாய், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எட்டாவது காரணத்தை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். ஜெரானியம் பூத்த தொட்டிகள் வரிசையாக இருக்கும் சந்து என்று போட்டிருக்கிறாளே, அது நம் தெருதான். பூட்டிக் கிடக்கும் வீடுகள் வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நகராட்சி வாசலுக்கு வாசல் தொட்டி வைத்தது. தண்ணீர் ஊற்ற ஆள் போடவில்லை, நானே ஊற்றிக்கொண்டிருந்தேன், எனக்கும் ஒரு வேலை வேண்டுமே. மே மாதத்தில் பாதித் தொட்டிகளை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பூ வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் ஊற்றியிருக்கிறேன். ஒரு நாள் நுன்சியா பார்த்துவிட்டு, "மாமா, எத்தனை நாளா பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்தறீங்க?" என்றாள். தூசியைக் கழுவுகிறேன் என்று சமாளித்தேன். எதற்கும் சிரிக்கிறவள் அன்றைக்கு எனக்கு நேராக வந்து நின்றுகொண்டு, "இப்ப நான் சிரிக்கறேனா, முறைக்கறேனா, சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது குரலில்தான் தெரிந்தது.

அவளும் அவள் புருஷனும்தான் பலெர்மோவுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள். இடது கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஒன்று போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது வலது கண்ணிலும் அதே வியாதி. ஆபரேஷனும் இல்லை, கண்ணாடி மாற்றியும் பயன் இல்லை. முழுக்க இருட்டாகிவிடாது, பயப்படாதே. பார்வையில் நடுப்பகுதி மட்டும்தான் அழியும், ஓரங்கள் இருக்கும் என்றார் டாக்டர். சுவர் தெரியும், படி தெரியும், ரொட்டிக்கடைக்குப் போய் வரலாம். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது. மனுஷன் முகத்தை நேராகத்தானே பார்க்கிறோம், அப்படியானால் முகம் எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், மழுப்பவில்லை. அடுத்த கோடை வரை இருந்தால் அதிர்ஷ்டம் என்றார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று நுன்சியாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ அங்கே வேலையும் குழந்தையுமாக ஓடிக்கொண்டிருக்கிறாய், இந்தக் கிழவனுக்காகக் கடல் தாண்டி ஓடிவந்து கஷ்டப்படுவானேன் என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. நாற்பது பேர் உயிரை என் கண்ணை நம்பி இந்த வளைவுகளில் ஏற்றி இறக்கியவன், இன்றைக்குக் கண் தெரியாதவன் என்று பெற்ற பெண் வாயால் கேட்க வேண்டாம் என்றிருந்தது, அதுதான் மீதி. ஆனால் நீ வருவதைத் தள்ளிப்போட்டதை நேற்று நான் சொன்னதும் நுன்சியா சண்டைக்கு வந்துவிட்டாள். "அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷமா? சனிக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லுங்க, இல்லேன்னா சத்தியமாவது ஒண்ணாவது, நானே அவளுக்குப் போன் பண்ணிருவேன்" என்றாள். விலைச்சீட்டு எழுதுகிற தடித்த பேனா ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினாள், அதில்தான் எழுதுகிறேன். பஸ் நேர அட்டவணைகளின் பின்பக்கம் பதினேழு தாள் ஆகிவிட்டது. வரி கோணலாகப் போயிருந்தால் மன்னித்துக்கொள், எழுதியதைத் திரும்பப் படிக்க என்னால் ஆகாது. கடிதம் வந்துசேர நாளாகும் என்பதால் நுன்சியா இதைப் படமெடுத்தும் உனக்கு அனுப்புவாள்.

அதனால் கேட்கிறேன், இந்தக் கிறிஸ்துமஸுக்கே வந்துவிடு. தனியாக இருப்பது பழகிவிட்டது, அதற்காகக் கூப்பிடவில்லை என்று எழுத நினைத்தேன், அதுவும் பொய், பழகவில்லை. நீ இங்கே வந்து எனக்கு எதுவும் செய்ய வேண்டாம், என்னை அங்கே கூட்டிப்போகவும் வேண்டாம். சமையலறை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நீ கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு இப்போது முப்பத்தெட்டு, உன் அம்மா சாயல் எவ்வளவு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரோசாவின் முகத்தை நான் ஒரு தடவைகூட நேரில் கண்டதில்லை. உன்னுடைய முகமாவது ஞாபகத்தில் இருக்கிறது, அவளுடையதை ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட நான் இனிமேல்தான் பார்த்தாக வேண்டும்.

குழந்தைக்குக் கம்பளிச் சட்டை இரண்டாக எடுத்து வை, இங்கே டிசம்பரில் பனி கொட்டும். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார், பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இரண்டு பேர் மட்டுமாவது வாருங்கள், என் அன்பை அவருக்குச் சொல். போனை வைக்கும் முன்னால் நீ ஆசீர்வாதம் கேட்கிற வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டாய், கேட்காவிட்டாலும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். புண்ணியவதியாகவும் செல்வச் சீமாட்டியாகவும் இரு, உன் மகளும் அப்படியே வளரட்டும்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டியபோது, தாத்தா என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார், வேறெங்கேயோ பார்க்கிறார் என்று ரோசா சிணுங்கினாளே, நீகூட அப்பா டிவியைப் பார்க்காதீர்கள் என்று கடிந்துகொண்டாயே. டிவி அணைத்துத்தான் இருந்தது. போனின் அந்தச் சின்னத் திரையை நேராகப் பார்த்தால் அவள் இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால்தான் கண் ஓரத்தில் கொஞ்சம் வருகிறாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவை, தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதுதான் அவளைப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா
கந்தோல்ஃபோ