பத்தொன்பதாம் தேதி உள்ளே போனவர்

மார்ச் 4

பல்செட் செய்யும் பட்டறைக்கு வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. கடித்தால் வலிக்கிறது, திருப்பி அனுப்புகிறோம். இன்று வந்தது வேறு. வரி அலுவலகத்திலிருந்து. பணியாளர் சம்பளத்தில் பிடித்த வரியின் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்திருக்கிறோமாம். நடவடிக்கை எடுக்காமலிருக்கக் காரணம் கேட்கிறார்கள்.

கெடு ஜனவரி 31. நான் 28ஆம் தேதியே அனுப்பிவிட்டேன்.

பட்டறை சித்தப்பாவுடையது. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அனுப்புனியா, இல்ல அனுப்புனதா நெனச்சுக்கிட்டியா?"

ரசீதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது நம்ம கம்ப்யூட்டர் சொல்றது. அவங்களோடது வேற சொல்லுதேம்மா."

மார்ச் 5

ரசீதின் நகலோடு பதில் அனுப்பினேன். இலக்கியம் படித்தவளைக் கணக்கில் உட்காரவைத்தது தப்போ என்று சித்தப்பா நினைக்கிறார். சொல்லவில்லை. நான் எழுதிய உறையைப் பிரித்து, முகவரியைச் சரிபார்த்து, மறுபடி ஒட்டினார்.

மார்ச் 13

இரண்டாவது கடிதம். இதில் தேதி போட்டிருக்கிறார்கள். தாக்கல் செய்த நாள்: பிப்ரவரி 19.

பிப்ரவரி 19 நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன்.

அப்படியென்றால் உள்ளே போனது யார்?

பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான். அத்தான் — சித்தப்பா மகளின் கணவர். மெழுகில் பல் அடுக்குவதுதான் அவர் வேலை. நான் வராத நாளில் அலுவலகத்தையும் பார்த்துக்கொள்வார்.

மார்ச் 14

அத்தானைக் கவனிக்கிறேன். நான் அறைக்குள் நுழைந்தால் போனை வைத்துவிடுகிறார். முன்பும் அப்படித்தானா? தெரியவில்லை. முன்பு நான் கவனித்ததில்லை.

மார்ச் 15

கேட்டுவிட்டேன். எல்லோரும் இருக்கும்போது.

"பத்தொன்பதாம் தேதி கணக்குக்குள்ள போயி என்ன பண்ணீங்க அத்தான்?"

கையிலிருந்த கடைவாய்ப் பல்லை மெழுகில் பொருத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஊரார் பல்லப் பாக்கவே நேரமில்ல புரொபசரம்மா. உன் கணக்க வேற பாக்கணுமா?"

பாலிஷ் போடும் அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போகவில்லை என்று அவர் சொல்லவில்லை. அதுதான். இல்லை என்கிற ஒரு சொல் — அவ்வளவு கஷ்டமா?

மார்ச் 16

என்னை வெளியே அனுப்பிவிட்டு அலுவலகத்தையும் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாரோ. 28ஆம் தேதி கணக்கை அழித்துவிட்டு 19இல் புதிதாக ஒன்றைப் போட்டிருந்தால்? அழிக்க முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். நீளமாக.

மார்ச் 17

காலையில் எல்லோர் முன்னாலும் சித்தப்பா சொன்னார்: "மாப்ள, இனிமே அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் தொடாதீங்க."

அத்தான், "சரிங்க மாமா" என்றார். அத்தானின் மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் பேசவில்லை.

ஜெயித்துவிட்டேனா?

மார்ச் 20

வரி அலுவலகம். நாலாவது ஜன்னல். கடிதத்தை நீட்டியதும் அங்கிருந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"நீங்களுமா? காலைலருந்து இதே கதைதாம்மா."

திரையை என் பக்கம் திருப்பினார். ஜனவரி 28, முதல் தாக்கல். அழியாமல் அப்படியே இருந்தது. அதன் கீழே பிப்ரவரி 19, திருத்தம்.

"திருத்தம் போட்ட தேதியையே முதல் தேதின்னு எங்க சிஸ்டம் எடுத்துக்கிச்சு. தப்பு எங்களோடதுதான். ரத்துக் கடிதம் வரும், போங்க."

போகவில்லை.

"என்ன திருத்தம்?"

"ஒருத்தரோட வரி எண்ணு. அதுல ரெண்டு இலக்கம் மாறிப்போயிருந்துச்சு. அப்படியே விட்டிருந்தா அவங்க கட்டின வரி யாரோ ஒருத்தர் பேர்ல போயிருக்கும். பாத்தவரு கெட்டிக்காரரு."

பாலிஷ் போடும் அக்காவின் எண். மாற்றித் தட்டியது நான்.

அதே நாள், மாலை

அத்தான் மெழுகு அறையில் தனியாக இருந்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க சித்தப்பா ஒரு மாசத்துக்கு உன்னய விடமாட்டாரு. ரெண்டு எண்ணுக்குப் போயி எதுக்கு?"

"நான் கேட்டப்பவாவது…"

"நீ எங்க கேட்ட?" விளக்கை இழுத்து அடுத்த அச்சின்மேல் வைத்துக்கொண்டார். "தீர்ப்புல்ல சொன்ன."

மார்ச் 21

சித்தப்பாவிடம் எல்லாம் சொன்னேன். என் தப்பையும். நினைத்த அளவுக்குத் திட்டவில்லை. அவர் திட்டியிருக்கலாம். பாஸ்வேர்டை அத்தானுக்குத் திருப்பித் தரலாமா என்று கேட்டேன்.

"அவரு கேக்கட்டும், குடுப்போம்."

மார்ச் 29

ரத்துக் கடிதம் வந்தது. மூன்று வரி. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். யாருக்கு ஏற்பட்ட சிரமம் என்று இல்லை.

ஏப்ரல் 12

அத்தான் கேட்கவில்லை.

ஏப்ரல் 24

மார்ச் வரைக்குமான காலாண்டுக் கணக்கு தயார். அனுப்பும் முன் மெழுகு அறைக்குப் போய், "ஒருதடவ பாத்துக் குடுங்க அத்தான்" என்றேன். கை கழுவிவிட்டு வந்தார். நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். உட்காரவில்லை.

பின்னால் நின்றபடி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பக்கம் முடிந்ததும், "கீழ எறக்குங்க" என்றார். இறக்கினேன். கையை நீட்டினால் அவரே இறக்கியிருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. அனுப்புங்க."

அனுப்பினேன்.