உச்சியில் என்ன தெரிகிறது என்று கேட்டாயே

இன்று காலை கடையில் உன் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். புதியது பிரிண்டரோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. கோர்ட்டுக்குப் போகிற ஆட்களோ வாசலில் நிற்கிறார்கள். போர்த்தியிருந்த துணியை எடுத்துத் தூசியைத் தட்டி சுவிட்சைப் போட்டேன். எதையோ தேடப்போய் கை பட்டு உன் கேம் திறந்துகொண்டது. அவ்வளவுதான், ஸ்பீக்கரிலிருந்து ஒரு கூட்டமே அலறியது.

பட்டா நகலுக்காக உட்கார்ந்திருந்த வன்னியம்பட்டி ஆச்சி பையோடு எழுந்துவிட்டார். "ஏம்மா, யாரு கத்துதது? உள்ள யாரையும் போட்டு அடிக்காங்களா?"

"அடிக்கல ஆச்சி. ராட்டினத்துல போறாவ. சந்தோஷத்துல கத்துதாவ."

"நல்ல சந்தோஷம் போ" என்று திரும்ப உட்கார்ந்தார்.

நீ இருந்திருந்தால் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்திருப்பாய். ஆச்சிக்கு நகலைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த அலறலை நிறுத்த மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட்டேன்.

என் ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லிவைத்தபோது ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள் நீ. எனக்கும் உனக்கும் ஒரே வயது. என்னை முதலாளியம்மா என்று கூப்பிட்டதெல்லாம் மத்தியானம் வரைக்கும்தான். சாயங்காலத்துக்குள் நான் "ஏட்டி" ஆகிவிட்டேன். கோர்ட்டு ஆட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கடை ஈயாடும். என் தம்பி எப்போதோ ஏற்றிவைத்திருந்த கேமை அப்படி ஒரு மத்தியானத்தில் நீதான் கண்டுபிடித்தாய். வெறும் நிலம் ஒன்று கொடுப்பார்கள். பாதை போட்டு, ராட்டினம் வைத்து, ரோலர் கோஸ்டர் கட்டி, தின்பண்டக் கடை போட்டு, கூட்டத்தை வரவழைக்க வேண்டும். வந்தவர்களில் யாரைத் தொட்டாலும் அவர் மனசில் ஓடுவது ஆங்கிலத்தில் தெரியும். நீ அதை நம் பேச்சில்தான் வாசிப்பாய்.

"பசிக்குதுங்கான் இவன். இந்த அக்காவுக்குக் காலு வலிக்காம். அய்யோ தேவுடா, செத்த நேரம் உக்கார ஒரு பெஞ்சு இல்லையே!"

உன் முதல் பார்க்கை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. நடுவில் உயரமாக ஒரு ராட்டினம். அதைச் சுற்றி அகல அகலமாக நான்கு வீதி.

"ஏட்டி, இது பார்க்கா, தேர் ஓடுற ரத வீதியா?" என்று கத்தினேன்.

"நடுவுல ஒசரமா ஒண்ணு, சுத்தி நாலு வீதி. அப்படி இல்லாட்டி அது ஊரா?" என்றாய். கோபுரத்தைச் சுற்றியே பிழைப்பு நடக்கும் ஊரில் வேலை பார்த்தால் வேறு எப்படிக் கட்ட வரும்!

திறந்தாய். கூட்டம் வந்தது, வீதியைச் சுற்றியது, திரும்பவும் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே போகும் வாசலை எங்கோ ஒரு சந்துக்குள் வைத்திருந்தாய். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. "எல்லாரும் வழி தெரியலங்காங்க, வீட்டுக்குப் போணும்ங்காங்க" என்று முகம் வாடி வாசித்தாய். வீதியை இடித்துத் தொலை என்றேன். நீ இடிக்கவில்லை. அந்தக் கேமில் ஆளைத் தூக்கி வேறு இடத்தில் இறக்கிவிடலாம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே, ஒவ்வொருவராகத் தூக்கி வாசலில் கொண்டுபோய் விட்டாய். சோறு காய்ந்து போனது.

"பொம்மைக்கா ஏட்டி இம்புட்டுப் பாடு?" என்றேன்.

"வரவச்சது நாமதான? கொண்டுபோயி விடணும்ல?"

உன் டப்பாவில் கொஞ்சம் ரசத்தை ஊற்றிவிட்டுப் போனேன்.

சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று உன் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. மாடிப்படி பார்த்து ஏறு, கனம் தூக்காதே, மாத்திரையை விடாதே என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ராட்டினத்தைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லவில்லை. நீதான் கேட்டிருக்கிறாய். கூடவே கூடாது என்றாராம். மறுநாள் கடைக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, "ராஜபாளையம் பஸ்ஸப் பத்தி அவரு வாயே தொறக்கல ஏட்டி. அது போடுற குலுக்கு எந்தக் கோஸ்டர் போடும்?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பொறவு நீ திரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்.

"எம்புட்டோ கட்டிட்டேன். எல்லாத்துக்கும் மேல நின்னா என்ன தெரியும்னுதான் தெரியல. இதுல மேலருந்து காட்டத்தான் செய்யுது. ஆனா வயித்துல ஒண்ணும் ஆகலையே."

அன்றைக்கு நீ ஆசைப்பட்டது அவ்வளவுதான். அரண்மனையா கேட்டாய்? உச்சியில் நின்று ஒரு தடவை கீழே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க முடியாத உடம்பை உனக்குக் கொடுத்தவனிடம் நான் எத்தனையோ தொழுகையில் சண்டை பிடித்திருக்கிறேன்.

போன வருஷம் ஆடிப்பூரத்துக்குப் பெரிய ராட்டினம் வந்து இறங்கியது. கடையைச் சாத்தவைத்து என்னை இழுத்துக்கொண்டு போனாய். மொட்டைமாடி ஓரத்துக்குப் போனாலே கால் கிடுகிடுக்கிறவள் நான். அது உனக்கும் தெரியும்.

"நீ ஏறிட்டு வந்து சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லணும்."

"எனக்கு மயக்கம் வந்துச்சுன்னா?"

"வரட்டும். அது எப்படி இருந்துச்சுன்னும் சொல்லு."

ஏறினேன். பெட்டி தரையை விட்டதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதினேன், தெரியாததையும் ஓதினேன். இறங்கியபோது நீ வேலிக் கம்பி ஓரமாக ஓடி வந்தாய். ஓடக் கூடாதவள், மூச்சிரைக்க ஓடி வந்தாய்.

"என்ன தெரிஞ்சுச்சு?"

"ஒண்ணும் தெரியல. கண்ணை மூடிட்டேன்."

"அடிப் பாவி! ஏறச் சொன்னது எதுக்கு? கண்ண மூடிக்கிட்டு ஒக்காரதுக்கு வீட்டுல நாற்காலி இல்லையா?" பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடுத்த ஆடிக்குக் கண்ணத் தொறந்து பாக்கணும். சொல்லிட்டேன்" என்றாய். சரி சரி, உள்ளே தலையை இழு என்றேன்.

பங்குனியில் ஒரு காலை உன் தங்கச்சி போன் பண்ணினாள். நீ எழுந்திருக்கவில்லை என்றாள். உன் வீட்டில் எல்லோரும் தெலுங்கில் அழுதார்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் நீ கடையில் திட்டிய தெலுங்குதான். அதை வைத்து என்ன ஆறுதல் சொல்ல முடியும்? உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ஆடி பொறுக்க முடியவில்லையா உனக்கு?

இந்த ஆடியில் போகவே கூடாது என்றிருந்தேன். காலையில் அந்த அலறலைக் கேட்ட பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுத் தனியாகப் போய் ஏறினேன். பெட்டிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன், ஆனால் கண்ணை மூடவில்லை. கேட்டுக்கொள்.

கீழே ஆள் ஏற்றுவதற்காக அவ்வப்போது நிறுத்துகிறார்கள். அப்படி நிறுத்தியபோது என் பெட்டி உச்சியில் நின்றது. அங்கே சத்தமே இல்லை ஏட்டி. கீழே அத்தனை ஒலிபெருக்கி அலறுகிறது, மேலே அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரித்தான் கேட்கிறது. மலையிலிருந்து காற்று வருகிறது, நல்ல குளிர்ச்சி. கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு ஆளைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்க்கலாம். ஒரு மொட்டைமாடியில் ஒருத்தி காய்ந்த துணியை எடுக்காமல் நின்று ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைகளின் தகரக் கூரை மேல் யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பு கிடந்தது. உன் ஊர்ப் பக்கம் மலை ஓரமாக மேகம் இறங்கியிருந்தது. வீடு தெரியுமா என்று தேடினேன். தெரியவில்லை. அம்புட்டுத் தூரம் தெரியாது.

அப்புறம் வயிறு. ஏறும்போது ஒன்றுமே ஆகாது. இறங்கும்போதுதான் வயிறு மட்டும் கழன்று மேலேயே நின்றுகொள்கிறது, உடம்பு தனியாகக் கீழே வருகிறது. அந்த நேரத்தில் கத்தாமல் இருக்க முடியாது. கத்தினேன். பயத்தில்தான் ஆரம்பித்தேன், பாதியில் அது சிரிப்பாகிவிட்டது. அது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

இறங்கி வந்ததும் வேலிக் கம்பிப் பக்கம் திரும்பி, "ஏட்டி" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். அங்கே நின்ற யாரோ ஒரு பெண் திரும்பி, "என்னையவா கூப்பிட்டிய?" என்றாள்.

இல்லம்மா என்றேன். என்ன தெரிஞ்சுச்சு என்று கேட்க மூச்சிரைக்க யாரும் ஓடி வரவில்லை. பார்த்ததை எல்லாம், ஒன்று விடாமல், அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.