ஏரிக்கரையில் முதல் போணி

ஏற்காடு,
16-4-1989

அன்புள்ள பாவாயி அக்காவுக்கு அருக்காணி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர், என் பஜ்ஜிச் சட்டி மூன்று பேரும் சுகம். அங்கே உன் சுகத்தையும் சின்னத்தாயி, மாப்பிள்ளை, குழந்தை சுகத்தையும் எழுதச் சொல்.

சின்னத்தாயி கண்ணு, இதை நீதான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாய். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். ஆனாலும் ஒரு வரி விடாமல் படி. நடுவில் உன் அம்மா 'போதும் கண்ணு, மடிச்சு வெய்யி' என்பாள். நிறுத்தாதே.

அக்கா, நீ மாசியில் திருப்பூர் போனாய். இப்போது சித்திரை பிறந்துவிட்டது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாய். அது இந்நேரம் உன்னைப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்திருக்கும். இங்கே எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை. என் புகை உன் பக்கம் வருகிறது என்று தினமும் கத்துவாயே, இப்போது அந்தப் புகை அதன் பாட்டுக்கு ஏரிப் பக்கம் போகிறது. கேட்க நாதி இல்லை.

சீசன் நன்றாக இருக்கிறது. சேலத்தில் வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது, பஸ் பஸ்ஸாக ஆட்கள் ஏறி வருகிறார்கள். படகுத்துறை வாசலில் நிற்க இடம் இல்லை. மிளகாய் பஜ்ஜி சட்டியிலிருந்து எடுக்க எடுக்கக் காலி. ஆனால் பஜ்ஜியைக் கையில் வாங்கியவர்கள் அடுத்து என்ன கேட்கிறார்கள் தெரியுமா? 'ஏனுங்க, இங்க மிளகு தட்டிப் போட்டு ஆம்லெட் ஊத்துற அக்கா எங்கீங்க?' பெங்களூரிலிருந்து வருஷா வருஷம் வருகிற அந்தக் குண்டுக் கண்ணாடி அம்மா, நீ இல்லை என்றதும் முகம் சுருங்கி, என் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு எப்படி இருக்கும் சொல்.

தொல்லை தாங்காமல் ஒரு நாள் நானே முட்டை வாங்கி ஊற்றிப் பார்த்தேன். மிளகை உன் இடிகல்லில்தான் தட்டினேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். அதோடு அந்த வியாபாரத்தை விட்டுவிட்டேன். லாட்ஜ் சமையல்காரன் முட்டை சிறிசாக இருக்கிறது என்று உன் கூடையைத் திருப்பி அனுப்பிய அன்று, என் அடுப்பில் ஒரு தோசைக்கல்லைப் போட்டு, இதிலே உடைத்து ஊற்றுங்கள் அக்கா என்று சொன்னவள் நான். அந்தப் புத்தி சொன்ன வாய்க்கு ஆம்லெட் ஊற்றத் தெரியவில்லை பார்.

ஐயாக்கண்ணு மாமா வாரம் ஒரு தடவை கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார். பெண்டாட்டி இல்லாத வீட்டில் தானே பொங்கித் தின்று இளைத்துவிட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், கோழிகள் நன்றாக இருக்கின்றன என்கிறார். உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. நீ போன பிறகு நான் யாரிடமும் முதல் போணி கேட்கவில்லை. இந்தக் கரையில் கடலை விற்கிறவர், சோளக்கதிர் சுடுகிற பெரியண்ணன், நான், எல்லோரும் காலையில் உன் கையால் முதல் காசு வாங்கினால்தான் வியாபாரம் ஓடும் என்று இருந்தோம். நீயும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூடையை வைத்துவிட்டு வரிசையாக ஒவ்வொரு கடையிலும் ஏதாவது வாங்குவாய். பிறகு வேறு யார் கையில் வாங்க எனக்கு மனசு வருகிறது? அதனால் முதல் பஜ்ஜியை எடுத்து, நீ உட்காரும் கல்மேல் வைத்துவிடுகிறேன். அந்த ஒற்றைக்காதுக் குரங்கு வந்து தின்றுவிட்டுப் போகிறது.

ஆமாம், அதே பாவிதான். பொங்கல் கூட்டத்தில் மரத்திலிருந்து என் சட்டிமேல் குதித்ததே, அது. எண்ணெய்ச் சட்டி என் மடிமேல் சாயும்போது நீ வெறுங்கையால் அதை அந்தப் பக்கம் தள்ளினாய். அதற்குப் பிறகு அந்தக் குரங்கைக் கண்டால் கொன்றுவிடுவது என்றுதான் இருந்தேன். வந்து கல்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அடிக்க எடுத்த கட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

இனி முக்கியமான சங்கதி. ஏரிக்கரையில் இருந்த வண்டிகளையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, தகரக் கூரை போட்டுக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் கரையில் விற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. எனக்கும் உனக்கும் அடுத்தடுத்த கடை. மழை ஒழுகாது, குரங்கு குதிக்காது. அடுத்த மாதம் மலர்க் கண்காட்சிக்கு முன்னால் சாவி தருகிறார்கள். அவரவர் நேரில் வந்துதான் வாங்க வேண்டும். வராதவர் கடை, காத்திருக்கிற வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் கிடைக்காது.

வா அக்கா. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது. மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி அருக்காணி

.

திருப்பூர்,
29-4-1989

அன்புள்ள அருக்காணிக்கு பாவாயி சொல்லச் சொல்லச் சின்னத்தாயி எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். சிரித்தேன். கோழிகளுக்குக் காலையில் கொஞ்சம் சாமை போடச் சொல்லி மாமாவிடம் சொல். அவருக்கும் ஒரு வேளை நல்ல சோறு போடு.

கடையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. கை ஆறிவிட்டது. இரண்டு விரல் மடங்கினபடியே நின்றுவிட்டது, அவ்வளவுதான். முட்டை உடைக்க இடது கை போதும், அது ஒன்றும் பெரிசில்லை. ஆனால் ராசி போன கை, அருக்காணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பெரியண்ணனிடம் போணிக்குக் காசு நீட்டினேன். அவன் வண்டியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்புறம் ஆகட்டுங்க என்றான். கடலைக்காரர் குனிந்து அடுப்பை ஊதினார். ஊதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் எரிந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. நெருப்பு தின்ற கையில் காசு வாங்க யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். நானாக இருந்தாலும் யோசிப்பேன்.

புதுக் கடை திறக்கிற நாளில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் வியாபாரம் கெட வேண்டாம். இடிகல்லை நீயே வைத்துக்கொள். மிளகை முழுசாக இடிக்காதே, தட்டினால் போதும். ஆம்லெட்டில் நீ செய்த தப்பு அதுவாகத்தான் இருக்கும்.

நீ நல்லா இருக்கணும்.
பாவாயி

சின்னம்மா, இது அம்மாவுக்குத் தெரியாமல் நான் எழுதுவது. காலையில் பால்காரருக்கு அம்மா காசு கொடுப்பதில்லை. தூங்குகிற என்னை எழுப்பிக் கொடுக்கச் சொல்கிறாள். போன வாரம் பையனுக்கு முதல் சோறு ஊட்டினோம். அம்மா கையால்தான் ஊட்ட வேண்டும் என்று தட்டோடு காத்திருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தெருக்குழாயில் அன்றைக்குத் தண்ணீரே வரவில்லை சின்னம்மா. வீட்டுக்குள்கூட அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள்தான் ஏதாவது எழுத வேண்டும்.

சின்னத்தாயி

.

ஏற்காடு,
8-5-1989

பாவாயி அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று அடுப்பு மூட்டவில்லை. வீட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் என் வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் பழக்கப்பட்டவர், விறகு பிளக்கப் போய்விட்டார்.

நீ குழந்தைக்காகத்தான் போனாய் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேனே! நீ பெரியண்ணனிடம் காசு நீட்டிய அன்றைக்கு நான் சேலத்துக்குக் கடலை மாவு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் கூடை இருந்தது, நீ இல்லை. நடந்ததை ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

மறுநாள் பெரியண்ணனிடம் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்றுதான் போனேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் கதிரைப் புரட்டுவதை விட்டுவிட்டார். அது கருகுகிற வாசனை எனக்கு வருகிறது, அவருக்கு வரவில்லை. 'புது வண்டிங்க, பயந்துட்டனுங்க. அந்தக்கா மூஞ்சியப் பாத்ததும் கூப்புடலாம்னு வாயி வரைக்கும் வந்துச்சு, கூப்புடலீங்க' என்றார். நொம்பத் தப்புப் பண்ணிவிட்டேன் என்று அக்காவுக்கு எழுதுங்கள் என்றார். உங்கள் தப்பை நீங்களே எழுதுங்கள் என்றேன். எழுதத் தெரியாது என்றார். அதனால் எழுதுகிறேன்: அவர் மன்னிப்புக் கேட்கிறார். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். உன் இடத்தில் நான் இருந்தால் ஒரு சீசன் முழுக்க ஓசியில் கதிர் தின்றுவிட்டு, அப்புறம் யோசிப்பேன்.

சரி, அவர் கிடக்கட்டும். நீயே அந்தப் பேச்சை நம்புகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ போனதிலிருந்து என் முதல் போணி யார்? ஒற்றைக்காதுக் குரங்கு. சட்டியைக் கவிழ்த்த குரங்கு. காசும் தருவதில்லை, பல்லைத்தான் காட்டுகிறது. அதன் வாயில் முதல் பஜ்ஜி போய் என் வியாபாரம் ஒரு நாளாவது படுத்ததா? இந்த வருஷம் மாதிரி ஒரு சீசனை நான் கண்டதில்லை. கவிழ்த்த கைக்கு இல்லாத தோஷம், தடுத்த கைக்கு எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் சொல். சின்னத்தாயி எழுதட்டும்.

சின்னத்தாயி கண்ணு, இனி வருவதை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று பார்ப்பாய். படி.

அக்கா, பால்காரருக்கு நீ காசு கொடுப்பதில்லை என்று தெரியும். பேரனுக்கு நீ சோறு ஊட்டவில்லை என்றும் தெரியும். யார் சொன்னது என்று அந்தப் பெண்ணைக் கேட்டு அழ வைக்காதே. நான் ஒன்று சொல்கிறேன், கேள். தினமும் காலையில் எழுந்து இரண்டு காலில் நிற்கிறேன். ஏரிக்கரை வரைக்கும் நடக்கிறேன். சம்மணம் போட்டு உட்கார்கிறேன். அந்தச் சட்டி என் மடியில் கவிழ்ந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்? நீ ஒரு நாளும் என்னை இதைப் பேச விட்டதில்லை. வாயைத் திறந்தாலே, எண்ணெய் வீணாய்ப் போச்சே என்று பேச்சை மாற்றிவிடுவாய். இப்போது நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன், என் வாயை மூட முடியாது. எனக்கு இதைவிட ராசியான கை இந்த மலையில் கிடையாது. கைராசி என்றால் வேறு என்ன என்று எனக்குத் தெரியாது.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாவி தருகிறார்கள். அன்றைக்கே எல்லோரும் கடை திறக்கிறார்கள். ஐயாக்கண்ணு மாமா உன் கடைக்கு மிளகு காய வைத்துக்கொண்டிருக்கிறார். முட்டைக்குக் கூடையும் பின்னிவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்கிறார். நீ வியாழக்கிழமையே கிளம்பிச் சேலத்தில் ஏற்காடு பஸ்ஸைப் பிடி. என் வீட்டுக்காரர் பஸ் நிற்கிற இடத்தில் இருப்பார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. நான் ஆம்லெட் ஊற்றமாட்டேன், பயப்படாதே.

பஸ் ஏறுவதற்கு முன்னால் பையனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டு வா. குழந்தை கையைப் பார்க்காது, சோற்றைத்தான் பார்க்கும்.

நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சாவியை வாங்குவேன். கடையைக் கழுவிக் கோலம் போடுவேன். மாவு கரைத்து, சட்டி வைத்து, எண்ணெய் ஊற்றி உட்கார்ந்திருப்பேன். அடுப்பு மட்டும் மூட்டமாட்டேன். மலர்க் கண்காட்சிக் கூட்டம் முழுக்க என் கடையைத் தாண்டிப் போகட்டும். இதை மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள். குரங்குக்கும் சொல்லிவிட்டேன், இனி முதல் பஜ்ஜி உனக்கில்லை, ஆள் வருகிறது என்று.

வரும்போது கையில் துணி சுற்றிக்கொண்டு வராதே. முந்தானைக்குள்ளும் வைக்காதே. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்தார்கள், வீட்டுக்கு வந்த பிறகு நீ துணி சுற்றிக்கொண்டாய். எனக்காகச் சுட்டுக்கொண்ட அந்தக் கையை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை அக்கா. காசு மறந்து வந்தாலும் பரவாயில்லை. என் புதுக் கடை முன்னால் வந்து நின்று அந்தக் கையை மட்டும் நீட்டு.

நம் மலைச்சாமி சேர்வராயன் உன்னை நல்லபடியாக மலை ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அடுப்பு மூட்டாமல் காத்திருக்கும்,
அருக்காணி