கடிதத்தில் விட்டுப்போனவர்

மார்ச் 4, திங்கள்

தொழிற்சங்க அலுவலகத்தில் மின்விசிறி இன்றும் ஓடவில்லை. ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்களின் மனுவைக் காலையிலிருந்து எழுதினேன். இரண்டு பக்கம். “நவீன அடிமைத்தனத்தின் வெள்ளைச் சுவர்களுக்குள்...” என்று தொடக்கம். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பதினேழு பேர் சார்பாக வந்திருந்த அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. கையுறை கேட்டோமே, அது எங்க வருது?”

“‘அடிப்படைப் பாதுகாப்பு உரிமைகள்’னு இருக்கு பாருங்க. அதுக்குள்ள வந்துருதுக்கா.”

“அதுக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியல. அந்த மேனேஜருக்கு எப்படித் தெரியும்?”

எரிச்சலாக வந்தது. ஊசி குத்திய கையோடு வருகிறார்கள். அவர்களுக்காக நாம் தொண்டை கிழியக் கத்துகிறோம். கடைசியில் இந்தக் கேள்வி. மனுவை மாற்றவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். இரண்டாம் உலகப் போரின்போது காட்டுக்குள் ரயில் பாதை போடக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கப் போகிறார்களாம். ஏப்ரல் பத்துக்குள் குடும்பத்தார் படிவம் கொடுக்க வேண்டுமாம்.

“அப்பா பேரும் வரணும்டி. நீதான் மேடை மேடையா அவரப் பத்திப் பேசுற. நீயே எழுதிக் குடு.”

சரி. அரை மணி நேர வேலை.

மார்ச் 9, சனி

அரை மணி நேர வேலை இல்லை.

படிவத்தில் ஒன்பது கேள்விகள். எந்த ஆண்டு பிடித்தார்கள்? எங்கிருந்து? எந்த முகாம்? என்ன வேலை? உடன் இருந்தவர்கள் யார், அவர்கள் என்ன ஆனார்கள்? தாத்தாவின் பெயரை எழுதினேன். அதோடு பேனா நின்றுவிட்டது.

ஏழு வருஷமாகக் கூட்டங்களில் சொல்கிறேன்: “என் தாத்தாவின் முதுகெலும்பின் மேல்தான் அந்த ரயில் ஓடியது!” கைதட்டல் விழும். எந்த ரயில்? எந்தப் பாதை? எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம். பதினெட்டு வயதில் பிடித்துப் போனார்கள். இரண்டரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். காலில் ஒரு தழும்பு. இந்த மூன்றை வைத்து ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

தாத்தா இப்போது இல்லை. அம்மாவைக் கேட்டேன்.

“எங்ககிட்ட எங்கடி பேசினாரு? கேட்டா ‘அத விடு’ம்பாரு. உன்கிட்டதான ஒரு நாள் பூரா உக்காந்து சொன்னாரு. நீ லெட்டர் எழுதினியே!”

லெட்டர்.

பதினோரு வருஷம் ஆகிறது. எனக்குப் பதினாறு வயது. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கித் தரையில் கால் பாவாமல் திரிந்த நேரம். ரயில் பாதைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் இருப்பதாகப் பேப்பரில் முகவரி வந்திருந்தது. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவர் மாதிரி தலை வாரிக்கொண்டு வந்து சமையலறை மேஜையில் என் எதிரே உட்கார்ந்தார்.

“பாப்பா, நான் சொல்றத அப்படியே எழுதணும்.”

அவர் பேசினார். நான் எழுதினேன்.

மார்ச் 10, ஞாயிறு

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன்? ஒன்றும் ஞாபகம் இல்லை. நன்றாக எழுதினேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 16, சனி

அந்தக் குடும்பங்களின் சங்கம் என்பது ஒரு தையல் கடையின் பின்னறை. செயலாளர் ஓய்வு பெற்ற தபால்காரர். எண்பதை நெருங்கும் வயது. அவருடைய அப்பாவும் அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். முப்பது வருஷக் கடிதங்களை உறையோடு செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்.

“கவரத் தூக்கிப் போடக் கூடாது. முத்திரையில தேதி இருக்கு பாருங்க.”

எந்த அரசாங்கமும் இவர்களுக்கு ஒழுங்காகப் பட்டியல் வைக்கவில்லை. ஒரு கிழவர் செருப்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். வெட்கமில்லையா இவர்களுக்கு என்று ஆரம்பித்தேன்.

“கோவமெல்லாம் அப்புறம்மா. எந்த வருஷம் போட்டீங்க?”

பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்.

என் கையெழுத்துதான். நீல மை, நான்கு பக்கம். கடைசியில் தாத்தாவின் பெருவிரல் ரேகை.

“ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டீர்கள், ஒவ்வொரு தூணுக்கும் எண் போட்டீர்கள், அவற்றைச் சுமந்தவனுக்கு ஒரு பெயர் கூடவா இல்லை?” நல்ல வரி. இன்றைக்கும் கைதட்டல் வாங்கும். இரண்டாம் பக்கம் உலகத் தொழிலாளர்கள். மூன்றாம் பக்கம் ஏகாதிபத்தியம். நான்காம் பக்கம் “வரலாறு விடியும்”.

தாத்தா எங்கே? தேடினேன். முதல் பக்கத்தின் மூலையில் பெயரும் முகவரியும். அவ்வளவுதான். ஒரு இடம் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு இல்லை, கூட இருந்த ஒரு ஆள் இல்லை. பெயர் கூடவா இல்லை என்று கேட்டவள் ஒரு பெயரையும் எழுதவில்லை.

“உங்க தாத்தா நெறையப் படிச்சவரோ?”

“கையெழுத்தே போடத் தெரியாது.”

“அப்படியா” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

உறைக்குள் அவர் அனுப்பிய பதிலின் நகலும் இருந்தது. “கடிதம் கண்டோம். நன்றி. உடன் இருந்தவர்கள் யாரேனும் நினைவில் இருந்தால் அவசியம் எழுதவும். பல குடும்பங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.”

அந்தப் பதில் வீட்டுக்கு வந்தது. இப்போது ஞாபகம் வருகிறது. பரீட்சை நேரம். நின்றுகொண்டே படித்தேன்.

“நன்றி சொல்லியிருக்காங்க தாத்தா.”

“அவனப் பத்தி எதாவது போட்டிருக்கா?”

“யாரப் பத்தி?”

“ஒண்ணுமில்ல. போய்ப் படி.”

மார்ச் 17, ஞாயிறு

யார் அவன்?

மார்ச் 19, செவ்வாய்

காலையில் பஸ்ஸில் கண்டக்டர் கொட்டாவி விட்டார். முன் சீட்டுக்காரர் விட்டார். எனக்கும் வந்தது. வாயைத் திறந்த நிலையிலேயே ஞாபகம் வந்துவிட்டது.

கொட்டாவி. தாத்தா கேட்ட அந்த ஆளுக்கு அதுதான் பட்டப்பெயர்.

“எப்பப் பாத்தாலும் வாயப் பொளப்பான் பாப்பா. அவன் விட்டா வரிசையா பத்துப் பேருக்கு வரும். ஒரு நாள் துப்பாக்கியோட காவலுக்கு நின்னவனுக்கும் வந்துருச்சு!” சொல்லிவிட்டு, தாத்தா கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நான் என்ன செய்தேன்? பேனாவைக் கீழே வைத்தேன். “தாத்தா, சீரியஸா எதாவது சொல்லுங்க. இதெல்லாம் எழுத முடியாது” என்றேன்.

இன்னும் வருகிறது. பிடித்தபோது அந்த ஆள் கையில் ஒரு குடை இருந்தது. ரிப்பேருக்குக் கொண்டுபோன குடை. அதோடேயே லாரியில் ஏற்றிவிட்டார்கள். துணி மட்கிப்போன பிறகு கம்பியை உடைத்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் காலில் முள் எடுத்துவிட்டாராம். “எனக்குக் கால் இருக்குன்னா அந்தக் கம்பியாலதான்.” அப்புறம் மேஜையைத் தட்டிச் சொன்னார்: “அவன் போயிட்டான்னு அவன் வீட்டுக்குத் தெரியணும். அதுக்குத்தான் இந்த லெட்டரே.”

எப்படிப் போனார் என்றும் சொன்னார். வெகுநேரம் சொன்னார். கையைத் தரையிலிருந்து இவ்வளவு உயரம் என்று காட்டினார். எதன் உயரம்? தண்ணீரா, மண்ணா? கை ஞாபகம் இருக்கிறது. குரல் கூடக் கேட்கிறது. ஒரு சொல்லும் இல்லை. அந்த நேரத்தில் நான் “வரலாறு விடியும்” என்பதற்கு முன்னால் என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவில் நின்றே தபால்காரருக்குப் போன் செய்தேன்.

“குடையா? லைன்லயே இருங்கம்மா.” பெட்டிகள் நகரும் சத்தம். பிறகு மெதுவாகப் படித்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மகள் எழுதியது. “என் அப்பா குடை ரிப்பேர் செய்யப் போனவர், திரும்பவில்லை. அடையாளம்: ஓயாமல் கொட்டாவி விடுவார் என்று அம்மா சொல்வார்.”

என் கடிதம் இருந்த பெட்டிக்கு இரண்டு பெட்டி தள்ளி. நான் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இந்த மனுஷன் பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே, அன்றைக்கே, இரண்டையும் சேர்த்திருப்பார்.

மார்ச் 21, வியாழன்

அந்த மகள் இருக்கிறாராம். எண்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

பயமாக இருக்கிறது. ஆயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடித்தபோது வராத பயம்.

மார்ச் 24, ஞாயிறு

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. தபால்காரர் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

“நீதான் குடைச் சங்கதி சொன்ன பொண்ணா? வா, உக்காரு. அவர மொதல்ல உக்கார விடு, பாவம், மூச்சு வாங்குது.”

மடியில் ஒரு தலையணை உறை. பேசிக்கொண்டே கையால் ஓரம் தைத்தார். ஊசியில் நூலையும் தானே கோத்தார்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். லாரி, குடைக்கம்பி, முள். காவல்காரன் கொட்டாவி விட்டதைச் சொன்னபோது அவர் போட்ட சிரிப்பில், உள்ளே இருந்த மருமகள் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

“கல்யாண போட்டோவுலயே வாயத் தொறந்துட்டுத்தான் நிப்பாரு எங்கப்பா! எங்கம்மா அதக் காட்டிக் காட்டித் திட்டுவாங்க.”

பிறகு ஊசி நின்றது.

“செத்துட்டாருன்னு சொன்னாரா உங்க தாத்தா? நிச்சயமா?”

“நிச்சயமா சொன்னார்மா. அத உங்க வீட்டுக்குத் தெரியப்படுத்தத்தான் லெட்டரே எழுதச் சொன்னார்.”

“குடையச் சாக்கு வச்சுக் கம்பி நீட்டிட்டான்னாங்க. எங்கயோ எவளோடயோ குடும்பம் நடத்துறான்னாங்க. இத வச்சு ஸ்கூல்ல நான் சண்ட போடாத நாள் கெடையாது. எங்கம்மா அத நம்பவும் இல்ல, நம்பாமயும் இல்ல. மழை வந்தா மட்டும் போய் வாசல்ல நிப்பாங்க.”

“அம்மா எப்போ...?”

“ஒம்பது வருஷமாச்சு. தொண்ணூத்தி மூணு வயசு. கடைசி வரைக்கும் நெனவு தெளிவு.”

பதினொன்றில் ஒன்பது போனால் இரண்டு. என் கடிதத்துக்குப் பிறகும் இரண்டு வருஷம் இவருடைய அம்மா இருந்திருக்கிறார். தெளிந்த நினைவோடு, இந்த மூன்றாவது மாடியில்.

“அந்த லெட்டர்ல ஏன் இது இல்ல?”

தபால்காரர் தரையைப் பார்த்தார்.

“அவர் சொன்னார்மா. நான்தான் எழுதல. எனக்கு அது முக்கியமாப் படல.”

“ம்” என்றார். நாலு தையல் போட்டார். “நீ நல்லா எழுதுவியாமே. இவர் சொன்னாரு.” அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகுதான் அதைக் கேட்டார். “எப்படிச் செத்தார்? கடைசியில எதாவது சொன்னாரா, என்னப் பத்தி? அப்ப எனக்கு ஒரு வயசு.”

என்னிடம் வாக்கியம் தயாராக இருந்தது. ஒன்றல்ல, மூன்று. மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார் — யார் சரிபார்க்கப் போகிறார்கள்? தாத்தா இல்லை, முகாம் இல்லை, காடு கூட இருக்காது. ஒரு வரி போதும், இந்த அம்மா நிம்மதியாகத் தூங்குவார். அதுவும் என்னால் முடிந்த வேலைதானே? இத்தனை நாளும் அதைத்தானே செய்தேன் — தாத்தா சொல்லாததைத் தாத்தா பெயரில்?

“தெரியாதும்மா. தாத்தா சொன்னார். நான் காதுல வாங்கிக்கல.”

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். உறையைத் திருப்பிப் போட்டு ஓரத்தை விரலால் நீவினார்.

“எதையாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம் நீ” என்றார்.

மார்ச் 28, வியாழன்

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “விடுடி, நீ அப்ப சின்னப் பொண்ணு” என்கிறாள். சின்னப் பொண்ணுன்னா காது கேக்காதா? எதிர்ல உக்காந்து ஒரு மனுஷன் ஒரு நாள் பூரா பேசியிருக்கார். எழுபது வருஷம் யார்கிட்டயும் சொல்லாதத சொல்லியிருக்கார். நான் அவருக்குப் பாடம் எடுத்திருக்கேன்!

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தார். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து மனு திரும்பி வந்துவிட்டது. “கோரிக்கை என்னவென்று தெளிவாகத் தெரிவிக்கவும்.” தொழிற்சங்கத் தலைவர் கொதிக்கிறார், திமிர் என்கிறார். திமிர்தான். ஆனாலும் கோரிக்கை என்னவென்று தெரியவில்லைதான்.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினொரு வரி வந்தது. கையுறை, பதினேழு பேருக்கு. ஊசிகளைப் போடத் தனி டப்பா. குத்துப்பட்டால் அன்றே ரத்தப் பரிசோதனை. படித்துக் காட்டினேன்.

“என்னம்மா, உன் ஸ்டைலே இல்லையே?”

“வேற எதாவது விட்டுப்போச்சாக்கா?”

யோசித்தார். “எங்கள ‘ஏய்’னு கூப்பிடுறாங்க. அத எழுத முடியுமா?”

எழுதினேன்.

ஏப்ரல் 6, சனி

படிவத்தைத் தையல் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்பதில் ஐந்து கேள்விகள் காலி.

உடன் இருந்தவர் என்ற இடத்தில் மகள் சொன்ன முழுப் பெயரை எழுதி, பக்கத்தில் ‘கொட்டாவி’ என்றும் எழுதினேன். குடைக்கம்பியால் முள் எடுத்ததை எழுதினேன். காவல்காரன் கொட்டாவி விட்டதையும் எழுதினேன். தபால்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனவர், கடைசிக் கட்டத்தில் நின்றார்.

“‘இறந்த விதம்’ங்கிற எடத்துல ‘தெரியவில்லை’னு போட்டாப் போதும்மா. பலகையில இதெல்லாம் வராது.”

“வரலைன்னா பரவால்ல. பெட்டியில இருக்கட்டும்.”

அவர் அதை அடிக்கவில்லை. பலகைக்கு வேண்டியதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு, படிவத்தை மடித்து உறையில் போட்டு, தேதி எழுதி, அந்த மகளின் கடிதம் இருந்த பெட்டியிலேயே வைத்தார்.

நான் எழுதியிருந்தது: “என் தாத்தா சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை.”