டேங்க் மூடியில் சந்தனம்

ஐப்பசி 5, வெள்ளி

அப்பாவின் பழைய பைக் இன்றும் ரெட்டிபாளையம் தாண்டி நின்றுவிட்டது. சற்று நேரம் விட்டால் கிளம்பும், மறுபடி நிற்கும். அண்ணனுக்குப் போன் செய்தால் அதே பாட்டு: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வண்டி? வித்துத் தொலை."

விற்பதா? பெட்ரோல் பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. அப்போதுதான் மூடியைக் கவனித்தேன். காற்று போகும் சின்னத் துளையை ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது; காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்கவில்லை. ஊக்கால் குத்தி எடுத்தேன். அரியலூர் வரை எங்கும் நிற்கவில்லை.

பொட்டு வைத்தது அண்ணன். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்: "அடுத்த வருஷம் பொட்டு நான் வெச்சுக்கறேன். நீ சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சா போதும்."